பிள்ளை பெற்ற பிறகு விடாத தலைவலியா? மூளைச் சிரை ரத்தக்கட்டை அடையாளம் காண்பதும், ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியதும்

குழந்தை பிறந்த வீட்டில் தலைவலிக்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. ராத்தூக்கம் கிடையாது, ரத்தம் போயிருக்கிறது, குனிந்து குனிந்து பால் கொடுத்துக் கழுத்து பிடித்திருக்கிறது, பிரசவ நேரத்தில் முதுகில் ஊசி வேறு போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இந்தக் காரணங்கள் சரியாகவே இருக்கும். ஆனால் கைவசம் இத்தனை காரணங்கள் இருப்பதாலேயே ஒரு நோய் சில நாட்கள் கண்ணில் படாமல் தப்பித்துவிடுகிறது. மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே இறக்கும் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாவதுதான் அது. அரிதான நோய். வசதியான நாடுகளின் கணக்குப்படி லட்சம் பிரசவங்களில் பத்து, பன்னிரண்டு பேருக்கு வரலாம். அரிது என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் சீக்கிரம் பிடித்தால் நன்றாகவே குணமாகிற நோய் என்பதால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதைக் குழந்தை பெற்றவர் மட்டும் படித்தால் போதாது, கூட இருப்பவர்களும் படிக்க வேண்டும். நோய் முற்றும்போது அவருக்கே குழப்பமோ மயக்கமோ வந்துவிடலாம், அப்போது டாக்டரிடம் கோர்வையாகச் சொல்ல இன்னொருவர்தான் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

பக்கவாதம் என்றதும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடுவதைத்தான் நினைப்போம். இங்கே அடைபடுவது வெளியேறும் வழி. வீட்டுக்குள் தண்ணீர் வரும் குழாய் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, சாக்கடை மட்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. ரத்தம் தேங்குகிறது, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது, மூளையைச் சுற்றியுள்ள நீரும் வடிய முடியாமல் நிற்கிறது. அழுத்தம் மேலும் ஏறினால் அந்தப் பகுதி வீங்குகிறது, சிலருக்குச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் தாங்காமல் கசிந்து மூளைக்குள் ரத்தக்கசிவும் ஆகிறது. இது திடீரென்று ஒரு நிமிடத்தில் நடப்பது குறைவு. பெரும்பாலும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டே வரும். அதனால்தான் ‘நேற்றும் வலித்தது, இன்றும் வலிக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடத் தோன்றுகிறது.

பிரசவத்துக்கு அப்புறம் ஏன்? கர்ப்ப காலத்திலேயே உடம்பு ரத்தப்போக்குக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடுகின்றன, உறையாமல் தடுக்கும் புரதம் எஸ் குறைகிறது. நஞ்சுக்கொடி பிரியும்போது உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது, ஆனால் குழந்தை பிறந்த மறுநாளே அணைந்துவிடுவதில்லை. ரத்தக்கட்டு அபாயம் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம், ஆறு வாரத்தில் நன்றாகக் குறையும், கொஞ்சம் மிச்சம் பன்னிரண்டு வாரம் வரைகூட இருக்கும். ஆகவே ‘பிரசவமாகி ஒரு மாதம் ஆகிவிட்டதே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிலருக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல். சிசேரியன் ஆனவர்கள், பிரசவத்தில் ரொம்ப ரத்தம் போனவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பத்தில் பிபி ஏறியவர்கள், காய்ச்சலோடு கிருமித்தொற்று வந்தவர்கள் (காதுத் தொற்றும் சைனஸ் தொற்றும் இதில் சேர்த்தி), உடம்பில் நீர் வற்றிப் போனவர்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள். முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தாலும், அம்மா, அக்கா என்று ரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தம் எளிதில் உறையும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. இந்த வரிசையில் எதுவுமே இல்லாத ஆரோக்கியமான பெண்ணுக்கும் இது வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தலைவலியைச் சந்தேகப்படுவது

இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். பலருக்கு முதலில் வருவது அதுதான், கொஞ்ச நாளைக்கு அது ஒன்று மட்டுமேகூட இருக்கும். ஆகவே தலைவலியின் குணத்தைக் கவனிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் போட்ட மயக்க ஊசியால் வரும் தலைவலிக்கு ஒரு அடையாளம் உண்டு. உட்கார்ந்தாலோ நின்றாலோ வலி ஏறும், தட்டையாகப் படுத்தால் சில நிமிடங்களில் இறங்கும். மண்டைக்குள் அழுத்தம் ஏறியதால் வரும் தலைவலி பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். படுத்தால் கூடும், விடியற்காலையில் எழும்போது மோசமாக இருக்கும், இருமினாலோ தும்மினாலோ முக்கினாலோ மண்டை பிளப்பதுபோல் இருக்கும். இது கல்லில் எழுதிய விதி இல்லை, விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஒரு மாற்றத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது: ஆரம்பத்தில் படுத்தால் குறைந்துகொண்டிருந்த தலைவலி, சில நாளில் படுத்தாலும் குறையாமல் எந்நேரமும் இருக்கிற தலைவலியாக மாறினால், ‘அதே ஊசித் தலைவலிதான்’ என்று விட்டுவிடாதீர்கள். முதுகு ஊசி போட்ட துளை வழியாக மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதே மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைத்துச் சிரைகளை விரியவைத்து ரத்தம் தேங்க வழி செய்யலாம் என்பதால், இரண்டும் ஒருவருக்கே அடுத்தடுத்து வருவதும் உண்டு.

அடுத்தது, இது பழக்கப்பட்ட தலைவலியா? ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தங்கள் வலி எப்படி ஆரம்பிக்கும், எப்படி முடியும் என்று நன்றாகத் தெரியும். ‘இது என்னுடைய வழக்கமான வலி மாதிரி இல்லை’ என்று அவரே சொன்னால் அதைவிடப் பெரிய தடயம் தேவையில்லை. பாராசிட்டமால் போட்டும் அடங்காமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போகும் வலியும் அப்படியே. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடிபோன்ற தலைவலி வந்தால் யோசிக்கவே வேண்டாம், காரணம் எதுவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் பிபி பார்க்கும் கருவி இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை பிபி ஏறி ஆபத்தாகலாம், அதுவும் தலைவலியோடுதான் வரும். 140/90-க்கு மேல் இருந்து தலைவலியும் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், 160/110-ஐத் தொட்டால் அது அவசரம். பிபி சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் சிரை ரத்தக்கட்டு இல்லை என்று ஆகிவிடாது.

தலைவலியோடு கீழே சொல்வதில் ஒன்று சேர்ந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள். பார்வை மங்குவது, குனிந்து நிமிரும்போது சில நொடிகள் கண் இருட்டுவது, இரண்டு இரண்டாகத் தெரிவது, அடங்காத வாந்தி, கை அல்லது கால் ஒரு பக்கம் மட்டும் பலமிழப்பது, மரத்துப்போவது, பேச்சு குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. இவற்றைவிட எளிதில் நழுவிப்போகிற ஒன்றும் உண்டு. எப்போதும் சுறுசுறுப்பாக இருப்பவர் எதிலும் நாட்டமில்லாமல், குழந்தை அழுதாலும் கவனிக்காமல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தால், ‘களைப்பு’ என்றோ ‘பிரசவ மனச்சோர்வு’ என்றோ முத்திரை குத்திவிடுவது சுலபம். மூளையின் ஆழத்தில் உள்ள சிரைகள் அடைபட்டால் இப்படித்தான் ஆகலாம். மனச்சோர்வு உண்மையான நோய்தான், அதற்கும் மருத்துவம் வேண்டும்தான், ஆனால் தலைவலியும் குழப்பமும் தூக்கமயக்கமும் சேர்ந்து வந்தால் முதலில் மூளையைப் பார்த்துவிட்டு அப்புறம் மனதைப் பார்க்கலாம்.

வலிப்பு வந்துவிட்டால்

இந்த நோய் வந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு வலிப்பு வருகிறது. தமனி அடைப்பால் வரும் பக்கவாதத்தில் இவ்வளவு வருவதில்லை. குழந்தையை அவர் கையிலிருந்து உடனே வாங்கிவிடுங்கள். அவரைத் தரையிலோ கட்டிலிலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதையும் வைக்காதீர்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள். அதே கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். பிரசவித்தவருக்கு முதல்முறையாக வலிப்பு என்றால் பிபி ஏறியதால் வந்ததா, ரத்தக்கட்டால் வந்ததா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு கை மட்டும் அல்லது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்தது என்றால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், நரம்பியல் டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது, என்ன கேட்பது

அவசரப் பிரிவில் பதிவு செய்யும்போதே முதல் வாக்கியத்தில் ‘இவருக்குப் பிரசவமாகி இத்தனை நாள்’ என்று சொல்லிவிடுங்கள். கேட்கப்படாவிட்டால் பலர் இதைச் சொல்வதில்லை, பொது மருத்துவர் பார்க்கும்போது பத்தோடு பதினொன்றாக ஒரு தலைவலியாகிவிடுகிறது. அதன் பிறகு சுகப்பிரசவமா சிசேரியனா, முதுகு ஊசி போட்டார்களா, வலி எப்போது ஆரம்பித்தது, படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, குடும்பத்தில் ரத்தக்கட்டு உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும், காரில் போகும்போதே போனில் தட்டி வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சாதாரண சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தால் இந்த நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சிடி, பெரிய ரத்தக்கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும், ஆனால் சிரைக்குள் இருக்கும் கட்டியைப் பலமுறை தவறவிடும். சிரைகளைப் பார்ப்பதற்கென்றே தனி ஸ்கேன் இருக்கிறது. சிடி வீனோகிராம் ஒன்று, எம்ஆர்ஐயோடு சேர்த்து எடுக்கும் எம்ஆர் வீனோகிராம் இன்னொன்று. எங்கே எது உடனே கிடைக்கிறதோ அது போதும். ‘சிடி நார்மல், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம், ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘டாக்டர், பிரசவமாகி மூன்று வாரம்தான் ஆகிறது, வலி படுத்தால் கூடுகிறது, மூளைச் சிரையில் ரத்தக்கட்டு இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? வீனோகிராம் தேவையா?’ நேரான கேள்விக்கு நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தேவையில்லை என்றால் ஏன் என்று விளக்குவார், அந்த விளக்கமே உங்களுக்கு நிம்மதி தரும்.

டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தக்கட்டு இருந்தால் ஏறும், ஆனால் பிரசவித்த எல்லோருக்குமே அது கொஞ்ச நாள் ஏறித்தான் இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. கண்ணுக்குள் டார்ச் அடித்து பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது, ஐந்து நிமிட வேலை, யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பால் கொடுக்கிறாரே, ஸ்கேனுக்கு மருந்து ஏற்றலாமா என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது. சிடியின் கதிர்வீச்சு தாய்ப்பாலில் தங்காது. செலுத்தும் மருந்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே பாலுக்குப் போகிறது, அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம். அதனால் பாலை நிறுத்தவோ பிழிந்து கொட்டவோ தேவையில்லை என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். இந்தப் பயத்துக்காக ஸ்கேனைத் தள்ளிப்போடுவது சரியான முடிவில்லை.

சிகிச்சையில் குடும்பத்தைக் குழப்பும் இடம்

ரத்தக்கட்டு உறுதியானதும் ஹெப்பாரின் வகை மருந்து ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் எனாக்ஸபாரின் போல வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசி, எடைக்கேற்ற அளவில், நாளைக்கு இரண்டு வேளை. இங்கேதான் சிக்கல் வருகிறது. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு என்று எழுதியிருக்கும், டாக்டரோ ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடச் சொல்வார். கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். ‘கசிவு இருக்கும்போது ரத்தத்தை இளக்கினால் இன்னும் கசியாதா?’ நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே கசிவுக்குக் காரணமே வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறியது. அடைப்பு பெரிதாகாமல் தடுத்தால்தான் அழுத்தம் இறங்கும், கசிவும் நிற்கும். 1991-ல் ஜெர்மன் மருத்துவர் ஐன்ஹாய்ப்ல் குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 20 பேர். ஹெப்பாரின் பெற்றவர்கள் அவ்வளவு தெளிவாகத் தேறியதால் ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள், அவர்களில் ஏற்கெனவே மூளையில் கசிவு இருந்தவர்களும் உண்டு. இன்றைய வழிகாட்டுதல்களும் கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் கொடுக்கலாம் என்றே சொல்கின்றன. ஆகவே அந்தக் காரணத்தைச் சொல்லி ஊசியை மறுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டு சம்மதியுங்கள், ஆனால் அதற்காக ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

வலிப்பு வந்தவர்களுக்கு வலிப்பு மருந்தும், தொற்று இருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் சேரும். ஊசி போட்டும் மோசமாகிக்கொண்டே போகிற சிலருக்குக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்க முயல்வதுண்டு. மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து என்றால் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. கேட்கவே பயமாக இருந்தாலும் உயிரைக் காப்பாற்றுகிற சிகிச்சை அது.

தேறுவார்களா என்றால், பெரும்பாலும் ஆம். 2004-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஆண்களும் பெண்களுமாக 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கிட்டத்தட்ட எண்பது சதவீதம் பேர் முழுதாகவோ, சின்னக் குறை மட்டும் மிஞ்சியோ தேறினார்கள், எட்டு சதவீதம் பேர் இறந்தார்கள். பிரசவம் போல நீங்கிவிடக்கூடிய காரணத்தால் வந்தவர்களின் நிலை பொதுவாக மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஊசியிலிருந்து பெரும்பாலும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றுவார்கள், பிரசவத்தால் வந்தது என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை. வார்ஃபரினும் ஹெப்பாரின் ஊசியும் தாய்ப்பாலில் கிட்டத்தட்டப் போவதே இல்லை, பால் கொடுக்கலாம். ரிவராக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளைப் பால் கொடுக்கும் காலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ஆகவே மருந்துச்சீட்டு எழுதும் டாக்டருக்குப் பால் கொடுப்பது தெரிந்திருக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் பரிசோதனையை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) விடக்கூடாது, 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, ஒரு வாரம் மலையாகச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருக்காமல், அளவு ஒரே சீராக இருந்தால் போதும்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் கேட்காமல் போடாதீர்கள், ரத்தம் இளக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மூலிகை மருந்து, லேகியம், சத்து மாத்திரை எதுவானாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், வார்ஃபரினைக் கலைத்துவிடும் பொருட்கள் ஏராளம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு கொஞ்சம் கூடலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. தாகம் அடங்கத் தண்ணீர் குடிக்கட்டும், யார் தடுத்தாலும் கேட்க வேண்டாம். எழுந்து நடமாடட்டும்.

வலிப்பு வந்தவர் என்றால் சில மாதங்களுக்குக் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம், மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுப்பது பாதுகாப்பு. ராத்திரித் தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பலாம் என்பதால், இரவில் ஒரு வேளையாவது வேறு யாராவது எழுந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், இதைச் சலுகையாக நினைக்காமல் சிகிச்சையின் பகுதியாக நினையுங்கள். வண்டி ஓட்டுவதை டாக்டர் அனுமதிக்கும் வரை மறந்துவிடலாம். கண் டாக்டரிடம் பார்வைப் புலத்தைத் தவறாமல் சோதியுங்கள், நரம்பு வீக்கம் சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுவிடக்கூடும். களைப்பும் மறதியும் லேசான தலைவலியும் மாதக்கணக்கில் நீடிப்பது சகஜம், ஸ்கேன் சரியாகிவிட்டது என்பதற்காக ‘இன்னும் என்ன’ என்று அவரைக் கேட்காதீர்கள். ஆனால் தலைவலி மறுபடி ஏறினால், அது பழையபடி அவசரம்தான்.

பரம்பரைக் காரணம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனைகளை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். புரதம் எஸ் பிரசவத்தை ஒட்டி இயல்பாகவே குறைந்திருக்கும், வார்ஃபரினும் அதைக் குறைத்துக் காட்டும். சரியான நேரத்தை ரத்தவியல் டாக்டர் சொல்வார்.

கருத்தடையில் ஒரு கண்டிப்பு உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, பிறப்புறுப்பில் வைக்கும் வளையம் எதுவும் இனி கூடாது, ரத்தக்கட்டு திரும்பலாம். அதே நேரம் வார்ஃபரின் சாப்பிடும்போது கரு உண்டானால் கருவுக்குக் கெடுதல், ஆகவே ஏதாவது ஒரு வழி வேண்டும். காப்பர் டி ஒரு நல்ல வழி, ஆனால் ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடும்போது மாதவிடாய் கூடலாம், ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லிப் பேசுங்கள்.

இன்னொரு குழந்தை பெறலாமா? இந்த நோய் வந்தது மட்டுமே அதற்குத் தடையில்லை. திட்டமிட்டுப் பெறுவது நல்லது. கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே பழைய கதையைச் சொன்னால், பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் குறைந்த அளவு ஹெப்பாரின் ஊசி கொடுத்துக் காப்பார்கள். அன்றைக்கு வேறு ஊரில், வேறு டாக்டரிடம் இருக்கலாம், அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் பதிவான குறுந்தகட்டையும் தூக்கிப் போடாமல், போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.